காரணம் இழந்த பட்டங்கள்

பெயர்ச்சொல்லை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக் காட்டுவது தமிழிலக்கண மரபு. மண், மரம், கல் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி, வளையல் என்பன காரணம். பேராக் மாநிலத்தின் எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவனும் இவ்வேறுபாட்டைத் தடையின்றி ஒப்புவித்துவிடுவான். ஆயின், ‘இசைமணி’ என்பது எவ்வகைப் பெயர் என்று அவனையே வினவினால், சீர்காழி கோவிந்தராஜன் என்ற விடைதான் வரும், காரணம் வராது. மாணவனைக் குறை கூறிப் பயனில்லை. அவனுக்குக் கற்பித்தவருக்கும் அது வெறும் புகழ்ச்சொல்லாகவே தெரிந்திருக்கிறது. பொருள் தெரியாமல் சொல்லை மட்டும் ஏந்தித் திரியும் இந்த வழக்கம், இசைக்கலைஞர்களின் சிறப்புப் பெயர்கள் அளவில் இன்று ஒரு நோயாகவே முற்றிவிட்டது.

கலைஞனுக்கு வழங்கும் பட்டம் காரணப்பெயராக இருக்கவேண்டும். கொடுத்தவர் யார், கொடுத்த இடம் எது, எதன் பொருட்டுக் கொடுக்கப்பட்டது என்ற மூன்று வினாக்களுக்கும் அது விடை சொல்லவேண்டும். விடை சொல்லாத பட்டம் இடுகுறியாய்ச் சுருங்கிவிடுகிறது. கல்லுக்குக் கல் என்று பெயரிட்டது போன்றதே அதுவும். தமிழரின் பழைய மரபு இதனை நன்குணர்ந்திருந்தது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், இயற்பெயர் மறைந்துபோன புலவர்களை எவ்வாறு குறித்தார்கள் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவார்கள். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒவ்வொருவரும் தாம் ஆண்ட உவமையால் பெயர் பெற்றனர். அவர்களுக்குப் ‘பெரும்புலவர்’ என்றோ ‘கவிச்சக்கரவர்த்தி’ என்றோ ஒரு பட்டத்தைச் சூட்டியிருப்பது தொகுத்தோருக்கு மிக எளிது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. படைத்தவனின் பெயர் அழிந்தாலும் படைப்பிலிருந்தே அவனுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தார்கள். பல்லியம் என்பது பல இசைக்கருவிகள் கூடி முழங்குவதைக் குறிக்கும் சொல். நெடும்பல்லியத்தனார் என்ற புலவர் பெயரிலேயே அந்த முழக்கம் கேட்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் பெயரில் அவர் மீட்டிய யாழ் நிலைத்திருக்கிறது.

பிற்கால இசை மரபிலும் இவ்வொழுங்கு தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகா வைத்தியநாதையரின் ‘மகா’ என்னும் அடைமொழி ஒரு தாயின் ஆசையால் வந்ததன்று. அவருடைய பன்னிரண்டாம் வயதில், கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில், வித்துவான்கள் கூடிய அவையில் பாடி வென்றதற்காகக் கிடைத்தது. கொடுத்தவர், இடம், காரணம் ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் சென்னப்பட்டணத்தில் சில காலம் வாழ்ந்தமையால் ‘பட்டணம்’ ஆனார்; பேகடை இராகத்தைப் பாடுவதில் இணையற்று விளங்கியமையால் ‘பேகடை’ சுப்பிரமணிய ஐயர் எனவும் பெற்றார். வீணை தனம்மாளுக்கு அவர் மீட்டிய கருவியே முன்பெயர் ஆயிற்று.

காரணத்தை மறந்தால் என்ன கேடு விளையும் என்பதற்குக் கனம் கிருஷ்ணையரின் பெயர் ஒன்றே போதிய சான்று. ‘கனம்’ என்ற சொல்லை மேடை மரியாதையாகவும், மன்றத்தில் நீதிபதியை விளிக்கும் சொல்லாகவும் மட்டுமே அறிந்தவர், அவரும் யாரோ ஒரு கனவான் என்று எண்ணிக் கடந்துவிடுவார். அச்சொல் குறிப்பதோ கன மார்க்கம் என்னும் அரிய பாடுமுறையை. பொப்பிலி கேசவையாவிடம் அதனைக் கற்று, அரிதின் முயன்று கைவரப்பெற்றமையால் அவர் ‘கனம்’ ஆனார். உ. வே. சாமிநாதையர் அவருடைய வரலாற்றை எழுதி வைத்திராவிட்டால், ஓர் இசைமுறையின் பெயர் இன்று வெறும் மரியாதைச் சொல்லாய்த் தேய்ந்திருக்கும். ஏடு காத்த அப்பெருமகன் பெயர்களின் காரணத்தையும் காத்தார் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் நிறுவனங்கள் பட்டமளிக்கத் தொடங்கியபோதும் ஒரு வரையறை இருந்தது. சென்னை மியூசிக் அகாதெமி ‘சங்கீத கலாநிதி’ப் பட்டத்தை 1942-இல் ஏற்படுத்தியது, ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும் இசைவாணருக்கு உரியது அது. 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் 1957 முதல் ‘இசைப்பேரறிஞர்’ பட்டம் வழங்கி வருகிறது. சீர்காழி கோவிந்தராஜனின் ‘இசைமணி’யோ எந்த இரசிகர் கூட்டமும் கைதட்டிக் கொடுத்ததன்று. சென்னைத் தமிழிசைக் கல்லூரியில் பயின்று தேறிப் பெற்ற பட்டம் அது. இரவு பகலாகச் சாதகம் செய்து தேர்வெழுதிய ஓர் இளைஞனின் உழைப்பு அப்பெயருக்குள் இருக்கிறது. அதைப் புகழ்ச்சொல் என்று கற்பிப்பவர் அந்த உழைப்பை அழித்துவிடுகிறார். தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு என்ன வேண்டும்?

பெயரின் முதலெழுத்தும் காரணம் சொல்லும். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ‘எம்’ மதுரை. ‘எஸ்’ சண்முகவடிவு, வீணை வாசித்த அவருடைய தாய். கே. பி. சுந்தராம்பாளின் ‘கே’ கொடுமுடி. ‘பி’ அவரைப் பெற்ற பாலாம்பாள். தந்தையின் பெயரையே தலைப்பெழுத்தாய் எழுதப் பழகிய வகுப்பறையில் இவ்விரு எழுத்துகளையும் விளக்கினால், மாணவியர் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு எழுத்துக்குள் ஓர் ஊரும் ஒரு தாயும் அடங்கியிருப்பதைக் காட்டும் பாடம் இலக்கண நூலில் இல்லை.

திரையிசையிலும் இதுவே நிலை. ‘மெல்லிசை மன்னர் யார்?’ என்ற வினாவுக்கு எம். எஸ். விஸ்வநாதன் என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். 1963-இல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், நடிகர் சிவாஜி கணேசன் கையால் அப்பட்டம் வழங்கப்பட்டபோது அது பன்மையில் இருந்தது: மெல்லிசை மன்னர்கள். விஸ்வநாதனும் டி. கே. ராமமூர்த்தியும் இணைந்து பெற்ற பட்டம் அது. 1965-இல் இருவரும் பிரிந்தனர். நாளடைவில் மக்கள் நாவில் ‘கள்’ விகுதி உதிர்ந்தது. விகுதியோடு வயலின் மேதை ராமமூர்த்தியும் பலர் நினைவிலிருந்து உதிர்ந்துபோனார். பட்டத்தின் பிறப்பை மறந்தால் ஒரு மனிதனையே மறக்க நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இளையராஜாவின் பெயரிலும் வரலாறு உண்டு. ஞானதேசிகனாய்ப் பிறந்து, ராசையாவாகி, ராஜாவாகி, 1976-இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின்போது, ஏ. எம். ராஜா என்னும் மூத்த பாடகர் ஒருவர் இருந்தமையால், பஞ்சு அருணாசலம் ‘இளைய’ என்பதைச் சேர்க்க, இளையராஜா ஆனார். மூத்தவருக்கு இடம்விட்டு நிற்கும் பண்பு அந்தப் பெயரிலேயே அமைந்திருக்கிறது.

இவ்வளவு தெளிவான மரபுக்கு உரிய தமிழர் இன்று மேடைகளில் செய்வது என்ன? ஈப்போவிலும், தைப்பிங்கிலும், தெலுக் இந்தானிலும் நடைபெறும் விழாக்களில் பட்டங்கள் பொன்னாடையோடு சேர்ந்து போர்த்தப்படுகின்றன. இசைவேந்தர், இசைச்செல்வர், இசைத்தென்றல் எனச் சொற்கள் குறைவின்றிக் கிடைக்கின்றன. சட்டமிட்ட பட்டயத்தில் பெறுபவரின் பெயர் பெரிதாக இருக்கும், தேதி இருக்கும், நன்கொடையாளர் பெயரும் இருக்கும். எதற்காக வழங்கப்பட்டது என்ற ஒரு வரி இராது. மறு ஆண்டு அதே பட்டம் வேறொருவருக்குச் செல்லும். முன்னவரும் அதை விடமாட்டார். ஓர் ஊரில் இரண்டு இசைவேந்தர் இருந்தால் எவர் எதனால் வேந்தர் என்று கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை.

‘ஊக்கப்படுத்தத்தானே கொடுக்கிறோம்? இதனால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று பட்டமளிப்போர் கேட்கலாம். நட்டம் இரண்டு வகையில் உண்டு. உண்மையாக உழைத்துப் பெற்றவனின் பட்டம் மலிந்துபோவது ஒன்று. பாராட்டப்பட வேண்டியது இன்னதென்று சொல்லத் தவறுவதால், அடுத்து வரும் இளைஞனுக்கு வழி காட்டாமல் போவது மற்றொன்று. ‘பேகடை’ என்ற அடைமொழியைக் கேட்ட சீடன் பேகடையைச் சாதகம் செய்யப் புறப்பட்டான். ‘இசைவேந்தர்’ என்பதைக் கேட்கும் சிறுவன் எதைச் சாதகம் செய்வான்? விழாக் குழுவினரின் வீட்டு முகவரியைத் தேடத்தான் அது அவனுக்குக் கற்றுக்கொடுக்கும்.

ஒருபுறம் காரணமில்லாப் பட்டங்கள் பெருக, மறுபுறம் காரணத்தோடு பிறந்த பெயர்கள் பதிவின்றி அழிகின்றன. இதுவே இவ்வழக்கின் உயிர்நாடி.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் வெறும் பால்மரக் காடுகளாக இருந்ததில்லை. அங்கே இசை இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் உறுமி முழங்கியது. மாசியில் காமன் கூத்து நடந்தது. கொட்டகை கட்டி ‘வள்ளி திருமணம்’ நடித்தார்கள். சாவு வீட்டில் தப்பு ஒலிக்க, பெண்கள் ஒப்பாரி பாடினார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பகலெல்லாம் பால் வெட்டி, மாலையில் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தவன் அங்கே வாழ்ந்தான். அவனுக்குத் தோட்டத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று கிராணியின் பதிவேட்டில் இருந்த பெயர். கேட்டவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மற்றொன்று லயத்து மக்கள் கொடுத்த பெயர். உறுமிக்காரர், பெட்டிக்காரர், குழல்காரர் எனக் கருவியால் வந்தவை பல. ஏற்ற வேடத்தால், பாடிய பாட்டால், பிறந்த ஊரால் வந்தவையும் உண்டு. வீணை தனம்மாளின் பெயர் பிறந்த முறைக்கும் இப்பெயர்கள் பிறந்த முறைக்கும் இலக்கணத்தில் எள்ளளவும் வேறுபாடு இல்லை.

பதிவேட்டுப் பெயர் சம்பளத்துக்காக. லயத்துப் பெயர் பாட்டுக்காக. முன்னது தாளில் இருந்தது. பின்னது வாயில் மட்டுமே வாழ்ந்தது. வாய்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தவரை அதற்கு அழிவில்லை. ஆனால் 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர் நிலையிழந்து தவித்த அந்த நாளில், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அம்முயற்சியையும் மீறிக் காலம் ஓடியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போவுக்கும், பினாங்குக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறினார்கள். நிலத்தைக் காக்க ஒரு கூட்டுறவு தோன்றியது; பெயர்களைக் காக்க எதுவும் தோன்றவில்லை.

தோட்டத்துப் பெயர்கள் அனைத்தும் அன்பில் விளைந்தவை என்று சொல்லிப் பழம்பெருமை பேசுவது பொய்யாகும். தப்படித்தவனை அவன் சாதியால் அழைத்த வாய்கள் அங்கும் இருந்தன. கல்யாணத்து நாதசுவரக்காரருக்குப் பாயும் சந்தனமும். சாவுக்குப் பறையடித்தவனுக்கு வாசலுக்கு வெளியே இடம். ஒப்பாரியில் ஊரையே அழவைத்த கிழவிக்கோ தனிப்பெயரே கிடையாது. இன்னாரின் தாய், இன்னாரின் பெண்டாட்டி என்பதோடு சரி. இழிபெயரும் காரணப்பெயர்தான். அதற்குக் காரணம் அழைத்தவரின் சிறுமை. அழைக்கப்பட்டவரின் கலைக்கு அதில் பங்கில்லை. ஆகவே, பெயர்களைத் தேடுவோர் இனிய பெயர்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது. யாருக்குப் பெயர் மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அப்போதுதான் அது வரலாறு. இல்லையேல் மற்றுமொரு பாராட்டு விழா.

‘தோட்டத்து உறுமிக்காரன் புகழ்பெற்ற கலைஞனா? அவனையும் மகா வைத்தியநாதையரையும் ஒரே தட்டில் வைப்பதா?’ என்று சிலர் முகம் சுளிப்பர். கலையின் தரத்தை ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. புகழ் என்பது கேட்டவரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதானால், அணிலாடு முன்றிலாரை யார் நினைப்பார்? ஒரே ஓர் உவமைக்காக ஒருவரைக் காத்துவைத்த இனம், நாற்பது ஆண்டுகள் ஓர் ஊரின் பிறப்புக்கும் இறப்புக்கும் தாளமிட்டவனைக் காக்கத் தகாது என்பது எந்த நியாயம்? அவனுடைய தோட்டத்தில் அவன் புகழ்பெற்றவனே.

இந்நாட்டிலேயே கண்முன் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. மலாய்த் திரையிசையின் பெருங்கலைஞர் பி. ரம்லியின் ‘பி’ எதைக் குறிக்கிறது என்று தேடுவோர்க்கு, அது தந்தையின் பெயரான ‘புத்தே’ என்ற விடை எளிதாகக் கிடைக்கிறது. அவர் 1973-இல் மறைந்தார். கோலாலம்பூரில் அவர் வாழ்ந்த வீடு 1986-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. ஒரு முதலெழுத்தின் காரணத்தைக்கூடக் காக்கும் அம்மரபைக் கண்டு தமிழர் பொறாமைப்பட வேண்டியதில்லை, பின்பற்றினால் போதும்.

இன்னொரு காட்சி பேராக்கிலேயே உண்டு. 1877-இல் மலாயாவுக்கு வந்த முதல் ரப்பர்க் கன்றுகளின் எச்சமாகப் போற்றப்படும் மரம் ஒன்று கோலகங்சார் நகரில் வேலியிட்டு, விளக்கப் பலகை வைத்துக் காக்கப்படுகிறது. மரத்துக்குப் பலகை வைத்தது முற்றிலும் சரியே. அதன் சந்ததி மரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் எடுத்து, மாலையில் பாட்டும் எடுத்தவர்களுக்குப் பலகை எங்கே? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் இம்மாநிலத்தில் 130-க்கு மேல் இருந்தும், ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லாத நிலையை என்னென்பது?

அறிவுடையோர் எழுப்பக்கூடிய தடை ஒன்று உண்டு. பெயர்க்காரணங்கள் பெரும்பாலும் கட்டுக்கதைகள் அல்லவா என்பது அது. சரபோஜி மன்னர் காலத்துத் தோடி சீதாராமையர், பணமுடையால் தம் தோடி இராகத்தையே வட்டிக்கடையில் அடகு வைத்தார் என்றும், மன்னர் அதை மீட்டுக் கொடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. பூச்சி ஐயங்கார் என்ற இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரின் அடைமொழிக்கு வண்டின் ரீங்காரம் போன்ற குரல் காரணம் என்பர். இவற்றை நடந்த செய்தியாகக் கற்பிப்பது தவறு. ‘இவ்வாறு வழங்குகிறது’ என்று கற்பிப்பது தவறன்று. அடகு வைக்கப்பட்ட இராகத்தின் கதை, ஓர் இராகத்தை ஒரு மனிதனின் சொத்தாகவே மக்கள் மதித்த காலம் இருந்தது என்பதைச் சொல்கிறது. கதையைக் கதையென்றும் செய்தியைச் செய்தியென்றும் பிரித்தறியும் பயிற்சியே மாணவனுக்குத் தேவை. அப்பயிற்சிக்கு இதைவிட ஏற்ற பொருள் அரிது.

இளைஞர்களைச் சாடுவோரும் உளர். தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர்கள் தமக்குத்தாமே ஆங்கிலச் சாயலில் பெயர் சூட்டிக்கொள்கிறார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறார்கள். 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பால் தமிழகம் வரை அறியப்பட்ட யோகி பி, யோகேஸ்வரன் என்ற தம் பெயரைச் சுருக்கிக்கொண்டவர். அப்பெயர் எவரிடமும் கெஞ்சிப் பெற்றதன்று, எவரையும் ஏமாற்றவுமில்லை. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்பவன், ஊர் தனக்குக் கொடுத்தது என்று நடிப்பதில்லை. விழாக் குழுவிடம் சொல்லிவைத்துப் பட்டம் வாங்குபவனுக்கு அந்த நேர்மைகூட இல்லை. இளைஞரைத் திருத்தப் புறப்படும் பெரியோர் தம் பட்டயத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நலம்.

செய்யவேண்டியது அரிய செயலன்று. முதலாவதாக, பட்டமளிக்கும் சங்கங்கள் ஒரு விதியை ஏற்கட்டும்: எதற்காக என்று இரண்டு வரிகள் எழுத இயலாவிட்டால் பட்டம் கொடுப்பதில்லை. அவ்வரிகளைப் பட்டயத்திலேயே பொறிக்கட்டும். இவ்வொரு விதியாலேயே பாதிப் பட்டங்கள் பிறவாமல் நின்றுவிடும்.

இரண்டாவதாக, காரணப்பெயர் பாடம் நடத்தும் ஆசிரியர் பறவையோடும் நாற்காலியோடும் நின்றுவிடாமல், கனம் கிருஷ்ணையரையும் மெல்லிசை மன்னர்களையும் வகுப்புக்குள் அழைத்து வரட்டும்.

மூன்றாவது, மிக அவசரமானது. ஒவ்வொரு பள்ளியும் தான் தோன்றிய தோட்டத்தின், அல்லது அண்மையில் இருந்து மறைந்த ஒரு தோட்டத்தின் இசைக்கலைஞர்களைப் பட்டியலிடட்டும். மாணவன் தன் பாட்டனிடமும் பாட்டியிடமும் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கே: அங்கே யார் வாசித்தார், யார் பாடினார்? அவரை ஊர் எப்படி அழைத்தது? ஏன் அப்படி அழைத்தது? அவருடைய இயற்பெயர் என்ன? தப்படித்தவரையும் ஒப்பாரி பாடியவரையும் கேட்காமல் விடக்கூடாது. குடும்பத்தார் விரும்பாத இழிபெயரை வெளியிடாமல், அதன் கொடுமையை மட்டும் பதிந்தால் போதும். 130 பள்ளிகள் ஆளுக்கொரு தோட்டத்தை எடுத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் பேராக் தமிழரின் இசைப் பெயர்க்கோவை ஒன்று உருவாகிவிடும். தோட்டப்பாடல்கள் ஏற்கெனவே நூல்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. பாடினவர்களின் பெயர்கள் அப்பாடல்களுக்குத் துணையாகட்டும்.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் காவடிகளின் முன்னே இன்றும் உறுமி முழங்குகிறது. வாசிக்கும் இளைஞர்களில் பலர், தங்கள் பாட்டன் எந்தத் தோட்டத்தில் அதே தோலை அதே கோலால் உரசினார் என்பதை அறியார். அறிந்த முதியோர் சிலர் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வீட்டு வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கு மண்டபம் தேடுமுன், தமிழாசிரியரும் மாணவரும் அந்த வாசல்களுக்குச் செல்லட்டும். நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் போதும்; பொன்னாடை வேண்டியதில்லை.